மூன்று கம்பனியும் ஒரு மேசையும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். இது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பது, கல்லடியில் பிரதான வீதியைப் பார்த்தபடி இருந்த என் சீதன வீட்டின் முன்னறையில் ஒரு கொம்யூனிகேஷன் போடப்போகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என் கணவர் கணக்கு வாத்தியார். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டே பழகிய மனிதர். அன்றைக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உன்ட வீடு, உன்ட சுவர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

கொம்யூனிகேஷன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில், கோல் எடுக்க வேண்டியவர்கள் வருகிற கடை அது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்ன நாள் இன்ன நேரம் என்று சொல்லிவைத்து எடுக்கிற கோலுக்கு வீட்டார் வந்து காத்திருக்கிற கடையும் அதுதான். யுத்த காலம். அதற்குள் சில வருடங்கள் மட்டும், சண்டை ஓய்ந்தும் ஓயாமலும், பேச்சுவார்த்தை என்று இழுபட்டுக்கொண்டு கிடந்தன. என் கடை நன்றாக நடந்தது அந்த வருடங்களில்தான்.

முதலில் என்னிடம் இருந்தது கம்பித் தொலைபேசி ஒன்றுதான். வழியில் எங்காவது ஒரு தென்னோலை விழுந்தாலும் அது ஊமையாகிவிடும். எங்கேயாவது ஏதாவது வெடித்துவிட்டால் ஓலை விழவே தேவையில்லை. பிறகு, கூரைக்கு மேலே அன்ரெனா பூட்டிக் கம்பியில்லாமல் பேசுகிற தொலைபேசியை இன்னொரு கம்பனி கொண்டுவந்தது. நாங்கள் அதை ரேடியோப் போன் என்றோம். அன்ரெனாவைக் கிணற்றடியில் நட்ட ஒரு நீளக் குழாயின் நுனியில் பூட்டி, வாவிக்கு அப்பால் நகரத்தில் நின்ற கோபுரத்தைப் பார்க்கத் திருப்பிவைக்க வேண்டும். வாடைக்காற்று அடித்தால் அது கிறுகிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்றாவதாகக் கைத்தொலைபேசி வந்தது. என் வீடு முழுவதிலும் அதற்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான், வாவிப் பக்கத்து யன்னல். பெரிய உத்தியோகத்தர்கள்கூடத் தலையை யன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் அதில் பேசினார்கள். ஊரில் ஏதும் குழப்பம் என்றால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான்.

ஆனால் மூன்றும் ஒரே நாளில் படுத்துக்கொண்டது மிகக் குறைவு. வீதியில் இருந்த மற்றக் கடைகள் ஒரு கம்பனியை நம்பி இருந்தன. அது போனால் அவர்கள் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள். என் மேசையில் மூன்று கம்பனியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று செத்தால் மற்றதை எடுத்து நீட்டுவேன். எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மேசையில் சேர்ந்து இருந்தார்களே தவிர, கம்பனிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் இல்லை. ஒரே கம்பனிக்குள் என்றால் கோல் சுகமாகப் போகும். ஒரு கம்பனியில் இருந்து மற்றக் கம்பனிக்கு எடுத்தால், இரண்டு வீட்டு மருமகள்மார் மாதிரி, இந்தா அந்தா என்று இழுத்துவிட்டுக் கடைசியில் கொழகொழ என்று ஒரு சத்தம் வந்து நிற்கும். இதற்கு நானும் என் மச்சாளும் ஒரு வழி கண்டுபிடித்தோம். மச்சாள் என் கணவரின் அக்கா, கலியாணம் முடிக்காதவர், நாள் முழுக்க என்னோடு கடையில் இருந்தவர். ஒரு போனில் ஒருவரையும் மற்றப் போனில் மற்றவரையும் எடுப்போம். பிறகு இரண்டு றிசீவரையும் தலைகீழாகச் சேர்த்து, ஒன்றின் காது மற்றதின் வாயில் படும்படி வைத்து, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இரண்டு வளையத்தால் இறுக்கி, மேலே ஒரு துவாயைச் சுற்றிவிடுவோம். சத்தம் குறைவாகத்தான் போகும். ஆனாலும் போகும். கம்பனிக்காரர்களால் செய்ய முடியாததை நாங்கள் ரியூப் வளையத்தால் செய்தோம்.

மூன்று கம்பனியின் விற்பனைப் பொடியன்களும் மாறி மாறி வருவார்கள். ஒருவன் முன்சுவர் முழுக்கத் தன் கம்பனி நிறத்தைப் பூசித் தருகிறேன் என்பான். மற்றவன் விளக்கு வைத்த பெயர்ப்பலகை என்பான். மூன்றாமவன் இரண்டையும் தந்து கூரைக்குத் தகரமும் போட்டுத் தருகிறேன் என்றான். மற்றவர்களுடைய போனைத் தூக்கி உள்ளே வைத்தால் போதுமாம். எனக்கு வந்த கோபத்தில், "தம்பி, இது வந்து இருக்கிற வீடு, வந்து ஆளுகிற வீடு இல்ல. இருக்கிறதெண்டால் மேசையில ஒரு மூலை இரிக்கு. இல்லாட்டி உங்கட போனக் கையோட கொண்டு போங்க" என்று சொன்னேன். மச்சாள் பின்னால் நின்று, "பாவம், தகரத்தையாவது வாங்கியிரிக்கலாம்" என்று முணுமுணுத்தார். சுவர் வெள்ளைச் சுண்ணாம்பாகவே இருந்தது.

கோலுக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் போட்ட நீள வாங்கில் யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதையும் நாங்கள் பார்ப்பதில்லை. முகாமில் இருந்து வரும் ஆமிப் பொடியன் தூரத்து ஊரில் இருக்கிற தாய்க்குச் சிங்களத்தில் பேசி அழுதுவிட்டுப் போவான். அவன் எழும்பின இடத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வந்தவர் இருப்பார். பாதிரியாரும் வருவார், மீன்காரரும் வருவார். பேசும் அறைக்குப் பலகைக் கதவு போட்டிருந்தோம். உள்ளே யார் என்ன பேசினாலும் நாங்கள் காது கொடுப்பதில்லை. யாருடைய கதைக்குள்ளும் எங்கள் வாயை வைப்பதில்லை. இது கடையின் சட்டம். மச்சாளுக்கு இது பெரிய கஷ்டமான சட்டம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு விசயம் இருந்தது. அந்த வருடங்களில் எங்களுக்கு இரண்டு நேரம். அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவைத்தது. படுவான்கரையின் உள்பக்கம் இயக்கத்தின் கையில் இருந்தது. அவர்கள் அதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தார்கள். ஆக, சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் வித்தியாசம். எங்களுக்கு நாலு மணி என்றால் அங்கே மூன்றரை. கோலுக்கு வருகிறவர்கள் குழம்பக்கூடாது என்று நான் கடைச் சுவரில் இரண்டு மணிக்கூடு மாட்டினேன். ஒன்று புது நேரம், மற்றது பழைய நேரம். எல்லாவற்றையும் யோசித்துச் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே திருப்தி.

கரடியனாற்றில் இருந்து ஓர் அண்ணன் வருவார். வேளாண்மைக்காரர். அவருடைய மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து அந்த வீட்டார் உறங்குகிற நேரத்தில், வீட்டுக்காரம்மா தொலைபேசியின் பூட்டைத் திறந்து கொடுப்பாவாம். மணி மாதத்துக்கு மாதம் மாறும், அடுத்ததை நான்தான் பழைய நேரத்தில் எழுதிக் கொடுப்பேன். நாங்கள் காது கொடுக்காவிட்டாலும் அந்த அண்ணனின் பேச்சு பலகையைத் தாண்டி வரும். வட்டைக்கு, அதுதான் வயலுக்கு, தண்ணீர் வந்ததா, எருமை கன்று போட்டதா, பக்கத்து வேலிக்காரன் வேலியைத் தள்ளிப்போட்டானா, இவ்வளவுதான். "நீ எப்படி இரிக்காய்?" என்று ஒரு கேள்வி வராது. பேசி முடித்து வெளியே வந்ததும் மச்சாள் பிடித்துக்கொள்வார்.

"என்ன தம்பி, எருமைக்கெல்லாம் சுகம் சொன்னீங்க. பொஞ்சாதிக்கு ஒரு சொல் இல்லையா?"

அவர் சிரித்துக்கொண்டு சாரத்தை இழுத்துக் கட்டுவார். ஆனால் எங்களிடம் பேசத் தொடங்கினால் வேறு ஆள். வீட்டில் குசினி கட்டுகிறேன், கல்லுக் குசினி, அடுப்பை உயர்த்திக் கட்டுகிறேன், அவவுக்கு முதுகு நோகும் குனிஞ்சு சமைக்க ஏலாது, புகை போக ஓட்டை வைத்திருக்கிறேன் என்று கையால் காற்றில் வரைந்து காட்டுவார். "அவ வந்தாப் போதும் தங்கச்சி" என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு வீதியைப் பார்த்தார்.

அந்த அக்காவின் ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தது. அன்றைய கோலில் அவர் கேட்டிருக்கிறார், வரட்டா, இன்னும் இரண்டு வருடம் நிற்கட்டா என்று. இந்த மனிதர் என்ன சொன்னார்? "அடுத்த வெள்ளி சொல்லுறன்." வெளியே வந்து எங்களிடம் தானே சொன்னார். அடுத்த வெள்ளி இதே நேரம் திரும்ப எடுப்பாவாம். அன்றைக்குப் பின்னேரம் ஏஜென்சிக்காரன் அந்த வீட்டுக்கு வருவானாம். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் கையெழுத்து வைத்துவிடுவாவாம். "இதே நேரம்" என்று சொல்லும்போது அவர் தலையை நிமிர்த்தி மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணி. வாயால் ஒருமுறை சொல்லிக்கொண்டு போனார். வாழ்க்கைக் கேள்விக்கு ஒரு கிழமை தவணை கேட்ட மனிதனை நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சல்.

அடுத்த வெள்ளி, நாலு மணிக்குக் கம்பித் தொலைபேசி அடித்தது. குவைத். வாங்கில் அவர் இல்லை.

"அக்கா, அவர் இன்னும் வரல்ல" என்றேன்.

"வரல்லையா?" என்று கேட்ட குரல் சுருங்கிப்போனது. "மறுகா எடுக்கேலாது தங்கச்சி. நான் இத வைச்சா வீட்டுக்காரம்மா பூட்டிருவா. வெளியால இருந்து இஞ்ச எடுக்கவும் விடமாட்டா. பின்னேரம் அவன் வந்திருவான்."

"வைக்காதீங்க. அவ வந்து கேக்கும்வரைக்கும் பிடிச்சுக்கொண்டு இரிங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த மனிதர் வராமல் இருக்கமாட்டார் என்று மட்டும் தெரியும்.

பேசும் அறை வாசலில் நின்று, அவர் போன கிழமை நின்ற இடத்தில் நின்று, சுவரைப் பார்த்தேன். அறையின் கதவு திறந்திருந்தது. திறந்த கதவு ஒரு மணிக்கூட்டை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. மறைந்தது பழைய நேரம். அவர் கண்ணில் பட்டது எங்கள் நேரம். எங்கள் நாலு மணியை அவர் கரடியனாற்றுக்குக் கொண்டுபோய், அங்கேயுள்ள நாலு மணி என்று வைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். குழப்பம் வரக்கூடாது என்று மாட்டிய மணிக்கூடுதான் குழப்பத்தைச் செய்தது. எனக்கு என் மேலே வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"மச்சாள், அந்த அண்ணன் அரை மணித்தியாலம் பிந்தி வாறார். இப்ப செங்கலடிச் சந்தியிலதான் நிப்பார்" என்றேன். படுவான்கரையில் இருந்து வருகிறவர்கள் அந்தச் சந்தியில்தான் எங்கள் பக்கத்துப் பஸ்ஸுக்கு ஏறுவார்கள். சந்தியில் ஒரு தம்பி கொம்யூனிகேஷன் வைத்திருந்தான். அவனிடம் ரேடியோப் போன் மட்டும்தான். நல்ல காலம், என் மேசையில் அதே கம்பனி இருந்தது. இல்லாவிட்டால் அந்த மருமகள்மாரின் இழுபறியில் அன்றைய பின்னேரமே போயிருக்கும்.

ஒரு கையில் குவைத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சந்தியை எடுத்தேன்.

"தம்பி, ஒரு ஆள். சிவத்தச் சாரம் இல்லாட்டி நீலச் சாரம். மழை இல்லாட்டியும் கக்கத்தில குடை இரிக்கும். பஸ்ஸுக்கு நிப்பார். ஓடிப்போய்ப் பிடியுங்க!"

"அக்கா, பஸ் வெளிக்கிடுது!"

"அப்ப பஸ்ஸப் பிடியுங்க!"

அவன் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் அடித்த சத்தம் எனக்குப் போனில் கேட்டது. யாரோ ஏசினார்கள். பிறகு மூச்சிரைக்க அந்த அண்ணனின் குரல் வந்தது.

"என்ன தங்கச்சி? நேரம் கிடக்கே!"

"நேரம் இல்ல அண்ணன். அக்கா லைன்ல நிக்கிறா. இதிலயே கதையுங்க."

மச்சாள் அதற்குள் ரியூப் வளையத்தோடும் துவாயோடும் வந்து நின்றார். குவைத்தையும் செங்கலடியையும் தலைகீழாகச் சேர்த்துக் கட்டினோம். அந்த நேரம் பார்த்துக் காற்று எழும்பியது. ரேடியோப் போன் விட்டு விட்டு இழுத்தது. மச்சாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே ஓடினார். கிணற்றுக் கட்டில் ஏறி அன்ரெனாக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இப்ப சரியா? இப்ப சரியா?" என்று வீதிக்கே கேட்கக் கத்தினார். ஐம்பதைத் தாண்டிய மனிசி. சத்தம் தெளிந்தது.

நான் துவாயின் பக்கத்தில் காதை வைத்தபடி நின்றேன். கட்டு நழுவினால் பிடிக்க ஆள் வேண்டும். சட்டமாவது ஒன்றாவது, வேறு வழியில்லை.

"இஞ்சாருங்க" என்றது குவைத். "நான் வரட்டா, நிக்கட்டா?"

செங்கலடி தொண்டையைச் செருமியது. "வட்டைக்குத் தண்ணி திறந்திட்டான்..."

"அத விடுங்க. நான் வரட்டா?"

"அது... உன்ட விருப்பம்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

"கேக்கல்ல" என்றது குவைத்.

"உன்ட விருப்பம் எண்டன்."

"கேக்கல்லப்பா. சத்தமாச் சொல்லுங்க."

"எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. நீ யோசிச்சுச் செய்."

"ஒண்டும் கேக்கல்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இத்தனை வருடம் காத்த சட்டத்தை அந்த இடத்தில் போட்டு உடைத்தேன். துவாயை விலக்கி, செங்கலடிப் பக்கத்து வாயில் என் வாயை வைத்தேன்.

"அண்ணன்! அவ கேக்கிறது அவட விருப்பத்த இல்ல, உங்கட விருப்பத்த! ஆருக்கு அந்தக் குசினியக் கட்டின நீங்க? எருமைக்கா?"

வாய் மிஞ்சிவிட்டேனோ என்று நினைத்தேன். சந்திக் கடையில் யாரோ சிரித்தது கேட்டது. பிறகு அந்த மனிதர் கத்தினார். வட்டையில் ஒரு கரையில் இருந்து மறுகரைக்குக் கூப்பிடுகிற மாதிரி, றிசீவர் அதிரக் கத்தினார்.

"வா புள்ள! வீட்ட வா! நீ இல்லாம என்னால ஏலாது!"

கட்டு, துவாய் ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. வெளியே கிணற்றுக் கட்டில் இருந்து மச்சாள், "வரச் சொல்லிட்டாரா?" என்று கத்தினார். வீதியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆ" என்றது குவைத். "இப்ப கேட்டுது. வாறன்." வைத்துவிட்டார்.

நான் வாங்கில் இருந்து அழுதேன். ஏன் என்று கேட்டால் சந்தோசம்தான், வேறொன்றும் இல்லை. மச்சாள் உள்ளே வந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த குழாயின் துருவைப் பார்த்துக்கொண்டே, "நான் மட்டும் பிடிக்காட்டி அவ வந்திரிப்பாவா?" என்று கேட்டார். வந்திருக்கமாட்டா என்று ஒத்துக்கொண்டேன். அன்றைக்கே அறைக் கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி மாற்றச் சொல்லி ஆசாரிக்குச் சொல்லியனுப்பினேன்.

வேளாண்மை வெட்டுகிற காலத்தில் அந்த அக்கா வந்தார். வீட்டுக்குப் போகும் முன் எங்கள் கடையில் இறங்கினார். மெலிந்த, சின்ன உருவம். நான் போனில் கேட்ட குரலுக்கு இன்னும் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். அண்ணன் வெளியே பெட்டியையும் குடையையும் பிடித்துக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். மச்சாள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அக்கா மேசையில் இருந்த மூன்று போனையும் பார்த்தார். எதோடு எதைக் கட்டினீர்கள் என்று கேட்டார். நான் றிசீவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன்.

"காத்தடிச்சு அண்டைக்குக் கஷ்டப்படுத்திப்போட்டுது அக்கா" என்றேன். "உங்களுக்கு ஒண்டுமே கேக்காமப் போச்சு."

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் கேட்டுது தங்கச்சி. முதல் தரமே நல்லாக் கேட்டுது. அதுக்காக, உன்ட விருப்பம் எண்டு சொன்னதோட நான் போன வைச்சிரிக்கலாமா?"